அடுத்தவர் வலியை அப்பா சொன்ன மழைக்காலம்

போன மாதம் நம் முதியோர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு இளம் டொக்டர் பெண் வந்து பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்றவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது, கிழமைக்கு இரண்டு நாளாவது பொதுவேலை செய்யுங்கள், பிரஷர் இறங்கும், தூக்கம் வரும், மனசு சோர்ந்து போகாது என்றாள். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். தாள் சுற்றி வந்தபோது பெயரும் எழுதினீர்கள். நான் எழுதாமல் பக்கத்தில் இருந்தவரிடம் தாளைத் தள்ளிவிட்டேன். வெளியே வந்ததும் உங்களில் இரண்டு பேர், "ஏன், உங்களுக்கு விருப்பமில்லையா?" என்று கேட்டீர்கள். கால்வலி என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அது பொய். அந்தப் பிள்ளை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். தெரிந்ததால்தான் எழுதக் கை வரவில்லை.

நாங்கள் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளான லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பின்பக்கக் கதவைத் திறந்தால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடைவரைக்கும் இறங்கும். அம்மா விடிவதற்கு முன்னே கத்தியும் வாளியுமாகப் பால் வெட்டப் போவாள். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்தார். உறைந்த ரப்பர் பாலை ரோலரில் கொடுத்து ஷீட்டாக இழுத்து, புகைக்கூட்டில் காயப்போடுகிற வேலை. சாயங்காலம் அவர் வந்தால் முதலில் அந்தப் புளித்த பால் நாற்றம் வரும், பிறகுதான் அவர் வருவார். எனக்கு அது நாற்றமாகவே தெரிந்ததில்லை. அப்பாவின் மணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோலர் அவருடைய வலது கையை இழுத்துக்கொண்டது. பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்தக் கையை ஒரு துவாயால் சுற்றி வைத்துக்கொண்டார். எங்களுக்குக் காட்டவே மாட்டார். இடது கையால் சாப்பிடுவது யார் கண்ணிலும் படக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். பாதிச் சோறு பீங்கானிலேயே கிடக்கும். தூக்கம் இல்லை. "இல்லாத விரலு வலிக்குது" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. "இல்லாதது எப்படிங்க வலிக்கும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தில் இலேசான வேலை ஏதும் இப்போதைக்கு இல்லை, பார்ப்போம் என்று தோட்டத்தை நடத்துகிற தொரை சொல்லி அனுப்பியிருந்தார்.

கட்டு மாற்றுவதற்காக நாலு நாளுக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்று மைல் நடை. ஒருநாள் அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் வேறு தோட்டத்துக் கிழவி ஒருத்தி நின்றிருக்கிறாள். டொக்டர் சிங்களத்தில் கேட்க, கிழவி தமிழில் சொல்ல, டொக்டர் திரும்பவும் கேட்க, அவள் இன்னும் சத்தமாகத் தமிழில் சொல்ல, அங்கிருந்த ஆள் ஒருவன் அவளைத் தோளில் பிடித்து ஒதுக்கியிருக்கிறான். அப்பா சிறு வயதில் தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முன்னால் போய், "இந்தம்மாவுக்கு நெஞ்சுல சளி இல்லீங்க, நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதுன்னு சொல்றாங்க, இடது கை மரத்துப் போகுதாம்" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். டொக்டர் எழுந்து நின்றுவிட்டாராம். கிழவியை அப்படியே வார்டுக்குத் தூக்கிப் போனார்களாம்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அப்பா பாயில் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஃபெக்டரி இஞ்சின் ஓடுது பாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் கட்டு மாற்றுகிற நாள் இல்லை. ஆனாலும் அப்பா போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். பிறகு ஞாயிறு தவிர எல்லா நாளும் போனார்.

மழை வலுத்தது. மழையில் பால் வெட்ட முடியாது. அம்மாவுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே அவள் கத்துவாள். "ஊருக்கெல்லாம் போயி வாய் வாடகைக்கு விடுறாரு. வீட்டுல ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு." ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த லயத்து ஆட்கள், அங்கே மிஸ்ஸி என்று எல்லாரும் சொல்கிற வயதான நர்ஸ் ஒருத்தி அவரை 'அய்யா, அய்யா' என்று கூப்பிடுவதாகச் சொன்னார்கள். "அங்க ஐயா, இங்க அரிசிப் பானைய பாத்தா தெரியும்" என்றாள் அம்மா. சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன், மிஸ்ஸி 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் கோபத்துக்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்னால் மண் சரிந்து இரண்டு கிழமைக்குப் பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தால் அம்மாவின் கோபம் என் மேல் விழும். அதனால் நான் அப்பாவோடு போகத் தொடங்கினேன். இரண்டு பேரும் சாக்கை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, அட்டை கடித்த என் காலை அப்பா இடது கையால் அலசிவிடுவார். உள்ளே நனைந்த குடைகளும் டெட்டோலும் சேர்ந்த ஒரு வாடை. சுவரோரம் நீளமான மரவாங்கு. என்னை அதில் உட்கார்த்திவிட்டு அவர் போவார்.

நான் பார்த்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் என் அப்பா மாதிரியே இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு பெண் தன் வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டு, வார்த்தையை விழுங்கி விழுங்கிச் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு டொக்டரிடம் திரும்பி, எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்று தன் கையாலேயே காட்டிச் சொன்னார். அந்தக் கைதான். துவாய் தோளில் கிடந்தது. விரல் இல்லாத கையை, சிவந்த தையல் தெரிய, எல்லார் முன்னாலும் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அன்றுதான் அதை முதன்முதலில் பார்த்தேன். பயமாகவே இல்லை. அதை மறைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

மத்தியானம் மிஸ்ஸி எங்களுக்குப் பிளேன் டீயும் பேக்கரிப் பாணும் கொடுப்பாள். அப்பா அங்கே சுவரைப் பார்த்து உட்காரமாட்டார். மற்றவர்களோடு பேசிக்கொண்டே இடது கையால் சாப்பிடுவார். பீங்கானில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சாது.

இரண்டாவது கிழமையில் ஒரு ஆள் வந்தான். பிள்ளைப்பேற்றில் அவன் மனைவி செத்துப் பிழைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்காக இரண்டு நாள் பேசியவர் அப்பா. காய்ந்த பாளையில் சுற்றிய கித்துள் கருப்பட்டிகளை அவன் நீட்டினான். "வேணாம்பா, பச்ச ஒடம்புக்காரிக்குக் குடு" என்று அப்பா மறுத்தார். அவன் பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு மழையில் ஓடிப்போனான். பாளையைத் தாண்டி அந்த மணம் என் மூக்கில் ஏறியது. பல நாளாக நாங்கள் வீட்டில் சீனி இல்லாமல் வெறும் சாயத்தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா பொட்டலத்தை என் மடியிலிருந்து எடுத்துப் போய் அப்படியே மிஸ்ஸியிடம் கொடுத்தார். வார்டில் நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்களுக்கு டீயோடு கடிக்கக் கொடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு துண்டுகூடக் கேட்டு வாங்கவில்லை. அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பக்கத்து டிவிஷனில் கங்காணி. கதிரையில் உட்கார்ந்து அம்மாவிடம், "ஒம் புருஷன் சும்மா போறாருன்னா நெனைக்கிற? சீக்காளிங்ககிட்ட கை நீட்டுறாருன்னு எங்க டிவிஷன் முழுக்கப் பேச்சு. எனக்கு மானம் போகுது" என்றார். அப்பா ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். அம்மா, "அப்படி இருந்தா வீட்டுக்குக் கொண்டாந்திருப்பாரே" என்று மெல்லச் சொன்னாள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூடப் போறவ தானே. அப்பா யாருகிட்டயாவது எதாச்சும் வாங்குனாரா?"

"வாங்குனாரு" என்றேன். "கருப்பட்டி வாங்குனாரு. எனக்குக்கூடக் குடுக்கல."

அது எங்கே போயிற்று என்று நான் சொல்லவில்லை. மாமா கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம், அப்பாவை யாராவது இரண்டு வார்த்தை ஏசினால் நல்லது என்றுதான் எனக்கு இருந்தது.

"பாத்தியா? பெத்த பிள்ளைக்குக்கூடக் காட்டாம வித்திருக்காரு" என்றார் மாமா.

அப்பா ஈரத்தலையோடு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "நாளையிலேருந்து நீங்க அங்க போகக் கூடாது. போனா நா பிள்ளைய கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." என்ன குற்றம் என்று மாமா சொன்னார். சாட்சி யார் என்றும் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "பிள்ள பாத்ததத்தானே சொல்லிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், கொடியில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மறுபடியும் சுவரைப் பார்த்துச் சாப்பாடு. குறட்டைச் சத்தம் நின்றுபோனது. மழை குறைந்து அம்மாவுக்கு வேலை தொடங்கியிருந்தது. அவள் திரும்பி வரும்போதும் அவர் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். மூன்று கிழமை இப்படிப் போனது. அம்மா ஒருநாள் வலியத் தானே பேச்சுக் கொடுத்தாள். "இப்பவும் அந்த விரலு வலிக்குதாங்க?" அவர் தலையாட்டினார். ஆமா என்றா இல்லை என்றா எங்களுக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, குடையைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸி லயத்துக்கு ஏறி வந்தாள். பென்ஷன் வாங்குகிற வயதை நெருங்கியவள். சேற்றில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும், வெள்ளைச் சேலையில் ஒருபக்கம் முழுக்கச் செம்மண். அவளைக் கண்டதும் அப்பா எழுந்து பின்கதவால் ஓடைப் பக்கம் போய்விட்டார். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த சாயத்தண்ணீரை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் பேசினாள்.

"அய்யாவுக்கு வருத்தமா, ஒடம்பு சுகமில்லையா? மூணு கிழமையா காணல. அவர் இல்லாம நாங்க படுற பாடு. சனம் வந்து நிக்குது, எங்களுக்கு ஒண்ணும் விளங்குதில்ல." பிறகு கையிலிருந்த கோப்பையைப் பார்த்துச் சிரித்தாள். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் குடுத்த கருப்பட்டியை வார்டு முழுக்கக் கடிச்சுக்கிட்டுத் தேத்தண்ணி குடிச்சாங்க. ஒரு கிழவர் சாகுறதுக்கு முதல் கடைசியா கேட்டு வாங்கினது அதுதான்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. மிஸ்ஸி போன பிறகு அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. "நானும் கேட்டிருக்கணும்" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பக்கத்துக் காம்பராவில் கரிப்பெட்டி இரவல் வாங்கி, சிரட்டைக் கரி போட்டு, அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தாள். பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். "போயிட்டு வாங்க. பிள்ளையும் வரட்டும்" என்றாள். அப்பா நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார். இறங்கும்போது, இவ்வளவு வேகம் மூன்று கிழமையாக எங்கே இருந்தது என்று நினைத்தேன். பின்னால் ஓடியே வந்தேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாச்சர் எங்களை மறித்தான். தினமும் அப்பாவோடு பீடி பகிர்ந்தவன். "உள்ளுக்கு விட வேணாம்னு ஓடர்" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மாமா தோட்டத்துக் கிளாக்கரைப் பிடித்து ஒரு பெட்டிஷன் எழுதி அனுப்பியிருந்தார். இன்ன தோட்டத்து ஆள் நோயாளிகளிடம் பொருள் வாங்குகிறான் என்று. அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாவுக்கும் அது தெரியாது.

அப்பா திரும்பவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதிலோரம் நின்றார். நானும் நின்றேன். அப்போது ஒரு பெண் பிள்ளையைச் சேலையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அப்பாவைப் பார்த்ததும், "அண்ணே, நீங்கதானே பேசித் தர்றவரு? மேல் தோட்டத்துல சொன்னாங்க" என்றாள். உள்ளே போக முடியாது என்று அப்பா சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "சரிம்மா, நா சொல்லித் தர்றேன். அத அப்படியே சொல்லு" என்றார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். காய்ச்சல், மூன்று நாளாக என்றாள்.

"லமயாட்ட உண. தவஸ் துனக். சொல்லு பாப்போம்."

அவள் சொன்னாள். தப்பாகச் சொன்னாள். அப்பா திருத்தினார். நாலாவது தடவை சரியாக வந்தது. மறந்துவிடக் கூடாதென்று அதையே முணுமுணுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனாள். தவஸ் துனக், தவஸ் துனக். அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது.

அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு போத்தல் மருந்து.

"சொன்னேண்ணே. அவங்க திரும்ப என்னமோ கேட்டாங்க. பட யனவாதன்னு கேட்டாங்க. படம் பாக்கப் போறதத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சு, இல்லன்னு தலையாட்டிட்டேன்."

அப்பாவின் முகம் மாறியது. வயிற்றோட்டம் உண்டா என்பதைத்தான் சிங்களத்தில் அப்படிக் கேட்பார்கள். "பிள்ளைக்கு வயித்தால போகுதா?"

"முந்தா நாளுலேருந்து. தண்ணியாத்தான் போகுது. இன்னைக்கு மூத்திரமே பெய்யல."

அப்பா சேலையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. வாய் காய்ந்திருந்தது. அழவே இல்லை. அப்பா ரோட்டைத் தாண்டி ஓடி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கத்தினார். பிள்ளைக்கு வயிற்றோட்டம், தண்ணீர் வற்றிப் போச்சு, தாய்க்கு விளங்கவில்லை, யாராவது வாங்க என்று கத்தினார். வாச்சர் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அப்பா விழுந்து எழுந்து திரும்பவும் கத்தினார். தேய்த்த வெள்ளைச் சட்டை சேறாகிவிட்டது. கடைசியில் மிஸ்ஸிதான் ஓடிவந்தாள். பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தாய் பின்னால் ஓடினாள்.

அவர்கள் வெளியே வரவில்லை. ஒரு டொக்டர்தான் வந்தார். "நீதானா அந்தப் பெட்டிஷன் ஆள்? இந்தக் கேட்டுப் பக்கமே உன்னை இனிக் காணக் கூடாது. பொலிஸில் சொல்லுவேன்" என்றார். அப்பா, "பிள்ளை..." என்று தொடங்கினார். டொக்டர் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம்வரை நாங்கள் பஸ் நிற்கும் இடத்தில் நின்றோம். மிஸ்ஸி வருவாள் என்று பார்த்தோம். அவள் வரவில்லை. பிறகு அந்த மாதமே அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களால்தானா, அவளுடைய முறை வந்துதானா, தெரியாது.

அம்மா தன் அண்ணன் வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. அப்பாவுக்கு நர்சரியில் காவல் வேலை கிடைத்தது. மரக்கன்றுகளுக்கு நடுவில் ஒரு குடிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. ஒருமுறை சோறு கொண்டுபோனபோது கேட்டேன். "அப்பா, அங்க போனதுல உங்களுக்கு என்னதான் கெடச்சிச்சு?" "அங்க இருந்தப்ப இந்தக் கை எனக்கு நெனப்பு வராதும்மா" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, பௌர்ணமிக்கு விடுகிற ஒரு போயா லீவு நாளில், ஒன்றும் சொல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பினார். பொழுது சாய்ந்துதான் வந்தார். கேட்டில் பிள்ளையோடு வந்த அந்தப் பெண் இருந்த தோட்டத்தைத் தேடிப் போயிருக்கிறார். அந்த லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தனவாம். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில் பாஸ்போட் கிடைத்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவளும் புருஷனும் முந்திய வருஷமே போய்விட்டார்களாம்.

"பிள்ள?" என்று அம்மா கேட்டாள்.

"இப்ப இருக்கிறவங்க புது ஆளுங்க. அவங்களுக்குத் தெரியல. புருஷன் பொஞ்சாதி போனாங்கன்னுதான் சொல்றாங்க. கையில பிள்ள இருந்துச்சான்னு யாரும் பாக்கலயாம்."

அம்மா சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் இடது கையால் சோற்றைப் பிசைந்தார். "மூணு பேராத்தான் போயிருப்பாங்க" என்று சொன்னார். அம்மா, "ஆமாங்க, மூணு பேராத்தான் போயிருப்பாங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமா என்றேன்.